ஹைட்ரஜன் லாரியை அளப்பது எப்படி?

சாலையில் ஓடும் கனரக வாகனத்தை ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தால் இயக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கனடாவின் வான்கூவர் பகுதியைச் சேர்ந்த பல்லார்டு நிறுவனம் 1993ஆம் ஆண்டிலேயே அத்தகைய பேருந்து ஒன்றை ஓட்டிக் காட்டிவிட்டது. அவ்வாறிருந்தும், ஹைட்ரஜன் லாரிகளையும் பேருந்துகளையும் பற்றி இன்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை ‘சோதனை ஓட்டம்’ என்ற சொல்லோடுதான் வருகின்றன. ஓடும் என்று தெரிந்த ஒன்றை இத்தனை காலம் எதற்காகச் சோதிக்கிறார்கள் என்று வாசகர் கேட்பது நியாயமே. வண்டி ஓடுமா என்பது அந்தச் சோதனைகளில் மிகச் சிறிய கேள்வி. எத்தனை ஆண்டுகள், எந்த வெயிலில், எந்த ஏற்றத்தில், எவ்வளவு எரிபொருளுக்கு ஓடும் என்பவையே பெரிய கேள்விகள். அந்த விடைகளை யார் அளந்தார்கள், அளந்ததை யாரிடம் காட்டினார்கள் என்பது அவற்றைவிடப் பெரிய கேள்வி.

எரிபொருள் மின்கலம் என்பது எரிபொருளைத் தீயிட்டு எரிக்காமல், வேதிவினையின் வழியாகவே அதன் ஆற்றலை நேரடியாக மின்சாரமாக மாற்றும் கருவியாகும். தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கலாம் என்பது பள்ளிப் பாடம். அந்த வினையைத் திருப்பி நடத்தினால், அதாவது அவ்விரண்டு வாயுக்களையும் சேர்த்துத் தண்ணீராக்கினால், மின்சாரம் கிடைக்கும் என்பதைச் சட்டத்தொழிலையும் இயற்பியலையும் ஒருசேர நடத்திய வில்லியம் குரோவ் 1839ஆம் ஆண்டு காட்டினார். வாகனங்களில் இன்று பயன்படும் வகையில் இரண்டு பக்கங்களுக்கு நடுவே மிக மெல்லிய நெகிழிச் சவ்வு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் வந்து சேர, ஹைட்ரஜன் அணு பிளாட்டினத் துகள்களின் மேற்பரப்பில் தன் எலக்ட்ரானை இழக்கிறது. எஞ்சிய புரோட்டான் சவ்வின் ஊடாகக் கடந்துவிட, சவ்வினுள் புக முடியாத எலக்ட்ரான் வெளிச்சுற்று வழியே போகிறது. அந்த ஓட்டமே மோட்டாரைச் சுழற்றும் மின்சாரம். மறுபக்கத்தில் புரோட்டானும் எலக்ட்ரானும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடித் தண்ணீராகின்றன.

இத்தகைய ஒரு கலம் சுமையின்றி இருக்கையில் ஏறத்தாழ 1 வோல்ட்டும், மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் 0.6 முதல் 0.7 வோல்ட்டும் மட்டுமே தரும் என்பதால், நூற்றுக்கணக்கான கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. இதற்கு மின்கல அடுக்கு என்று பெயர். அடுக்கு தனியாக இயங்காது. காற்றை அழுத்தி ஊட்டும் கம்ப்ரஸர், ஹைட்ரஜனைச் சுழலவிடும் பம்பு, ஈரப்பதம் சேர்க்கும் கருவி, குளிர்நீர்ச் சுற்று, கசிவை உணரும் சென்சார்கள், மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மின்னணுவியல், திடீர்த் தேவையைத் தாங்கும் பேட்டரி, இவற்றையெல்லாம் ஆளும் மென்பொருள் ஆகியவை சேர்ந்த முழுத் தொகுதியையே இயக்க அமைப்பு என்கிறார்கள். சோதிக்கப்படுவதும் அந்த முழுமைதான். ஏனெனில் நல்ல அடுக்கை மோசமான கட்டுப்பாட்டு மென்பொருள் சில மாதங்களில் பாழாக்கிவிட வல்லது.

சிறிய காருக்குப் பேட்டரியே போதும் என்ற நிலை உலகெங்கும் ஏற்பட்டுவிட்ட பிறகும் லாரிக்கு ஹைட்ரஜனைப் பற்றிப் பேசுவதற்கான காரணம் எடையும் நேரமும் ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஏறத்தாழ 33 கிலோவாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. சுமையோடு 40 டன் எடையுள்ள வண்டி ஒரு நாளில் எண்ணூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டுமானால் அதற்குத் தேவையான பேட்டரி பல டன் கனக்கும். அந்தக் கனம் முழுவதும் ஏற்றிச் செல்லும் சரக்கிலிருந்து கழியும். மின்னேற்றத்துக்கு நிற்கும் நேரமும் வருமானத்திலிருந்து கழிவதுதான். ஆனால் காருக்கும் லாரிக்கும் உள்ள இன்னொரு வேறுபாடு எரிபொருள் மின்கலத்துக்கு எதிராக வேலை செய்கிறது. காரின் மின்கலம் தன் வாழ்நாளில் 8,000 மணி நேரம் இயங்கினால் போதும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை இலக்கு வகுத்திருக்கிறது. நீண்ட தூர லாரிக்கு அத்துறை வைத்திருக்கும் இலக்கு 25,000 மணி நேரம், இறுதி இலக்கு 30,000 மணி நேரம். டீசல் எஞ்சின் பல லட்சம் கிலோமீட்டர் உழைத்த பின்னும் பட்டறையில் பிரித்துப் பூட்டினால் மீண்டும் ஓடும் என்ற அனுபவத்தில் ஊறிய லாரி உரிமையாளரிடம் அதைவிடக் குறைந்த ஒன்றை விற்க முடியாது.

இங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. 25,000 மணி நேரம் என்பது இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஒவ்வொரு முறை சவ்வையோ வினையூக்கியையோ மாற்றும்போதும் மூன்று ஆண்டுகள் காத்திருந்து முடிவறிய எந்த ஆய்வகத்தாலும் இயலாது. ஆகவே மின்கலம் எதனால் தேய்கிறது என்பதை முதலில் கண்டறிந்து, அந்தக் காரணத்தை மட்டும் செறிவாக்கிச் சில நூறு அல்லது சில ஆயிரம் மணி நேரத்தில் மின்கலத்தின்மேல் ஏவுகிறார்கள். இதுவே துரிதத் தேய்மானச் சோதனை. தேய்மானத்தின் காரணங்களில் முதன்மையானது ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதும் விடுவதுமே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சுமை ஏறி இறங்கும்போது கலத்தின் மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது. அந்த ஊசலாட்டத்தில் பிளாட்டினம் அணு அணுவாகக் கரைந்து வேறிடத்தில் படிய, நுண்துகள்கள் பருத்து, வினை நடக்கும் மேற்பரப்பு சுருங்குகிறது. ஆய்வகத்தில் இதை 0.6 வோல்ட்டுக்கும் 0.95 வோல்ட்டுக்கும் இடையே சில விநாடிகளுக்கு ஒரு முறை என்ற கணக்கில் பல பத்தாயிரம் சுற்றுகள் ஆட்டிப் பார்க்கிறார்கள். வண்டியை நிறுத்தி மீண்டும் கிளப்புவது வேறொரு தீங்கைச் செய்கிறது: நின்ற வேளையில் ஹைட்ரஜன் பக்கத்தில் காற்று புகுந்துவிட, மறுபடி ஹைட்ரஜன் நுழையும் சில கணங்களில் காற்றுப் பக்கத்தின் மின்னழுத்தம் வழக்கத்தை மீறி உயர்ந்து, பிளாட்டினத்தைத் தாங்கியிருக்கும் கரியே அரிக்கப்படுகிறது. ஈரமும் உலர்வும் மாறி மாறி வர, சவ்வு உப்பிச் சுருங்கி இறுதியில் ஊசித்துளை விடுகிறது.

இந்த மூன்றில் எது எந்த அளவுக்கு ஒரு லாரியைத் தாக்கும் என்பது அந்த லாரி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும் வண்டியைவிட, துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே நாளெல்லாம் நின்று நின்று ஓடும் வண்டியின் மின்கலம் விரைவில் முதுமையடையும். பேட்டரி உடன் இருப்பதன் தலையாய பயனும் இதுவே: திடீர் ஏற்றயிறக்கங்களைப் பேட்டரி தாங்கிக்கொண்டால், மின்கலம் ஏறக்குறைய ஒரே சீரில் உழைக்கலாம். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு லாஸ் அலமோஸ், லாரன்ஸ் பெர்க்லி ஆகிய தேசிய ஆய்வகங்களின் தலைமையில் தொடங்கிய கூட்டாய்வுக்குப் ‘பத்து லட்சம் மைல் மின்கல லாரி’ என்ற பொருளில் பெயரிட்டிருப்பது, தேய்மானத்தையே இத்துறையின் மையக் கேள்வியாக அறிவியலாளர்கள் கருதுகிறார்கள் என்பதைக் காட்டும்.

மின்கல அடுக்கு வண்டியில் ஏறுவதற்கு முன்பு சோதனை மேடையில் மாதக்கணக்கில் இருக்கிறது. வெளிப்பார்வைக்கு அந்த மேடை குழாய்களும் கம்பிகளும் பின்னிய ஓர் இரும்புச் சட்டம்தான். ஆனால் அதில் வாயுக்களின் அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், ஓட்டம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றலாம். முதலில் எடுக்கப்படுவது மின்னோட்டத்துக்கு எதிராக மின்னழுத்தத்தைக் குறிக்கும் வளைகோடு. மின்கலத்தின் உடல்நிலையை அந்த ஒற்றைக் கோட்டிலேயே பெருமளவு படித்துவிடலாம். தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்தால் வினையூக்கி சோர்ந்திருக்கிறது. நடுவில் சரிவு கூடினால் சவ்வு உலர்ந்திருக்கிறது. கடைசியில் திடீரென்று கவிழ்ந்தால் உண்டான தண்ணீர் வெளியேறாமல் தேங்கி, காற்று உள்ளே வரும் வழியை அடைத்திருக்கிறது. தண்ணீர் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்பதே இக்கருவியின் இயல்பு. நூற்றுக்கணக்கான கலங்களில் ஒரே ஒரு கலத்துக்கு ஹைட்ரஜன் போதாமல் போனாலும், மற்றக் கலங்கள் தள்ளும் மின்னோட்டம் அதன் வழியாகவும் போயாக வேண்டியிருப்பதால், அந்தக் கலத்தின் மின்னழுத்தம் எதிர்த்திசைக்குத் திரும்பி அது தன்னைத்தானே அரித்துக்கொள்ளத் தொடங்கும். ஆகவே சோதனையில் அடுக்கின் மொத்த மின்னழுத்தத்தோடு நில்லாமல் கலங்களின் மின்னழுத்தத்தைத் தனித்தனியாகவும் கண்காணிக்கிறார்கள்.

அடுத்தது வெப்பம். வெப்பநாட்டு வாசகர்கள் இந்தப் பகுதியைச் சற்று நின்று படிக்க வேண்டும், ஏனெனில் ஐரோப்பாவில் வென்ற வண்டி இங்கே தோற்கக்கூடிய இடம் இதுவே. எரிபொருள் மின்கலத்தின் திறன் டீசல் எஞ்சினைவிட உயர்ந்தது. எரிபொருளின் ஆற்றலில் பாதியளவு மின்சாரமாக மாறுகிறது. எஞ்சிய பாதி வெப்பம். டீசல் எஞ்சினிலும் வெப்பம் உண்டு, இன்னும் அதிகமாகவே உண்டு. ஆனால் எரிபொருள் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொதிக்கும் புகையே புகைபோக்கி வழியாக வெளியே கொண்டுபோய்விடுகிறது. மின்கலத்தின் வெளியேற்றமோ 80 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத ஈரக்காற்று. அது கொண்டுபோகும் வெப்பம் சொற்பம். ஆகவே வெப்பம் அனைத்தும் ரேடியேட்டர் வழியாகவே வெளியேற வேண்டும். ரேடியேட்டரின் ஆற்றலோ உள்ளே ஓடும் நீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. டீசல் எஞ்சினின் குளிர்நீர் 95 டிகிரியிலும் மின்கலத்தின் குளிர்நீர் 70 டிகிரியிலும் இருக்க, வெளிக்காற்று 20 டிகிரி என்றால் வேறுபாடு முறையே 75, 50. அதே காற்று 45 டிகிரி என்றால் வேறுபாடு 50, 25. அதாவது கோடை நண்பகலில் மின்கல லாரியின் ரேடியேட்டர் தன் பலத்தில் பாதியை இழந்து நிற்கிறது. அந்நேரத்தில் முழுச் சுமையோடு மலைப்பாதையில் ஏறினால், தேவைப்படும் மின்திறன் உச்சத்தில் இருக்கும். வண்டியின் வேகமோ குறைவு என்பதால் எதிர்காற்றின் உதவியும் கிடைக்காது. விசிறிகளே முழுவேகத்தில் சுழன்று மின்சாரத்தைத் தின்னும்.

இதனால்தான் நீண்ட ஏற்றம் என்பது மின்கல லாரிக்கு வைக்கப்படும் மிகக் கடுமையான தேர்வாகிறது. ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள பிரென்னர் கணவாயில் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் தன் மின்கல லாரியை ஏற்றி இறக்கியது இக்காரணத்தால்தான். ஏற்றத்தில் பேட்டரி கைகொடுக்கும் என்றாலும், ஏற்றம் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டால் முழுச் சுமையும் மின்கலத்தின் தலையில் விழும். இறக்கத்தில் மோட்டார் பிரேக்காக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தரும்போது பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதை வைக்க இடமிருக்காது. முன்னால் ஏற்றம் வருகிறதா, இறக்கம் வருகிறதா என்பதை வழிவரைபடத்திலிருந்து முன்கூட்டியே அறிந்து, பேட்டரியை நிறைத்தோ காலியாக்கியோ வைத்துக்கொள்ளும் மென்பொருளையும் ஆகவே சோதிக்க வேண்டியிருக்கிறது. உயரமும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. லடாக்கின் லே நகரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், அரசின் மின்னுற்பத்தி நிறுவனமான என்டிபிசிக்காக அசோக் லேலண்டு மின்கலப் பேருந்துகளை வழங்கியிருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், அதே ஆக்சிஜனைத் திரட்டக் கம்ப்ரஸர் அதிகம் உழைக்க வேண்டும். குளிரோ எதிர்ப்பக்கத்துத் துன்பம். மின்கலத்தினுள் எப்போதும் தண்ணீர் இருப்பதால், பனிக்காலத்தில் இரவு முழுவதும் நின்ற வண்டியில் அது உறைந்து வாயு செல்லும் நுண்வழிகளை அடைத்துவிடும். நிறுத்தும்போதே காற்றை ஊதி உள்ளீரத்தை வெளியேற்றும் முறையைக் குளிர்ச் சோதனை அறைகளில் மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வண்டியை உறையவிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

தூய்மையைப் பற்றிய சோதனை வெளியில் அதிகம் பேசப்படாதது. டீசலில் சிறிது அழுக்கு இருந்தால் வடிகட்டி அடைக்கும். ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் அது பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வினையையே நிறுத்திவிடும். ஐஎஸ்ஓ 14687 என்ற பன்னாட்டுத் தரம் 99.97 விழுக்காடு தூய்மையையும், கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கும், கந்தகம் நூறு கோடியில் 4 பங்குக்கும் மிகாமல் இருப்பதையும் கட்டாயமாக்குகிறது.

எரிபொருளைச் சுமக்கும் கலன்களின் சோதனை தனி உலகம். ஹைட்ரஜன் எடையில் இலேசானது, இடத்தை அடைப்பதில் பேராசை கொண்டது. 350 பார் அழுத்தத்தில், அதாவது காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 350 மடங்கில், ஒரு கனமீட்டர் இடத்தில் சுமார் 24 கிலோவும், 700 பார் அழுத்தத்தில் சுமார் 40 கிலோவும், மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினால் சுமார் 71 கிலோவும்தான் அடங்கும். அழுத்தக் கலன்கள் நெகிழி உறையின்மேல் கார்பன் இழையைச் சுற்றிச் செய்யப்படுபவை. அவற்றை ஆயிரக்கணக்கான முறை நிரப்பிக் காலியாக்குகிறார்கள். உயரத்திலிருந்து கீழே போடுகிறார்கள். மேற்பரப்பில் கீறலிட்டு அமிலம் ஊற்றுகிறார்கள். பயன்பாட்டு அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கும் குறையாத அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று வெடிக்கும்வரை அழுத்திப் பார்க்கிறார்கள். தீயின்மேல் வைக்கும் சோதனையில் கலன் வெடித்தால் தோல்வி. சுமார் 110 டிகிரியில் உருகித் திறக்கும் பாதுகாப்பு வால்வு வாயுவைக் கட்டுப்பாட்டோடு வெளியேற்றிவிட்டால் வெற்றி. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும் என்பதும், அதற்கு மணமில்லை என்பதும், அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பதும் இக்கடுமைக்குக் காரணங்கள். பன்னாட்டு விதிகள் வண்டியின் வெளியேற்றக் குழாயைக்கூட விட்டுவைக்கவில்லை: அதிலிருந்து வரும் காற்றில் ஹைட்ரஜனின் அளவு எந்த மூன்று விநாடிச் சராசரியிலும் 4 விழுக்காட்டையும், எந்தக் கணத்திலும் 8 விழுக்காட்டையும் மீறக்கூடாது. நிரப்பும்போது வாயு அழுந்திச் சூடாவதால், கலன் 85 டிகிரியைத் தாண்டாதபடி முன்கூட்டியே குளிர்விக்கப்பட்ட ஹைட்ரஜனை அளவான வேகத்தில் ஏற்றும் நிலையமும் சோதனைக்கு உட்பட்டதுதான். நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவை அடுத்த சான்ட்விகாவில் 2019 ஜூன் மாதம் நிரப்பு நிலையம் ஒன்று வெடித்தபோது, சேமிப்புக் கலனில் திருகாணிகள் சரியாக இறுக்கப்படாததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. வேதியியல் தவறவில்லை, ஸ்பேனர் பிடித்த கை தவறியது.

இத்தனையும் தேறிய பிறகே முழு வண்டி டைனமோமீட்டர் எனப்படும் உருளை மேடையில் ஏறுகிறது. சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழல, காற்றின் எதிர்ப்பையும் சாலையின் ஏற்றத்தையும் உருளைகளே கணக்கிட்டு எதிர்த்து நிற்க, நின்ற இடத்திலேயே வண்டி மலையேறுகிறது. அங்கே அளக்கப்படும் முக்கிய எண் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை கிலோ ஹைட்ரஜன் என்பது. வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு சேர்ந்து மாறுவதால், கலனின் அழுத்தமானியை மட்டும் பார்த்துச் செலவான எரிபொருளைச் சொல்லிவிட முடியாது; வெளியே தராசின்மேல் வைத்த கலனிலிருந்து ஊட்டி எடை குறைவதைப் பார்ப்பதே நம்பகமான முறை. சாலையில் அது இயலாது என்பதால், சாலை ஓட்டங்களில் சாட்சி தேவைப்படுகிறது.

டைம்லர் நிறுவனம் 2023 செப்டம்பர் மாதம் நடத்திய ஓட்டத்தில் அந்தச் சாட்சியம் முறையாக அமைந்தது. திரவ ஹைட்ரஜனில் ஓடும் அதன் ஜென்எச்2 லாரி, 40 டன் மொத்த எடையோடு, ஜெர்மனியின் வொர்த் நகரிலிருந்து பெர்லின்வரை ஒரே நிரப்பலில் 1,047 கிலோமீட்டர் ஓடியது. டியூவி ரைன்லாந்து என்ற சான்றளிப்பு அமைப்பு கலன்களுக்கு முத்திரையிட்டு, தூரத்தையும் சரிபார்த்தது. நிரப்பப்பட்டது 80 கிலோ. அந்த எண்களை வைத்து வாசகரே ஒரு கணக்குப் போடலாம்: 80 கிலோவும் செலவாகியிருந்தால் நூறு கிலோமீட்டருக்கு 7.6 கிலோ, அதாவது ஏறத்தாழ 250 கிலோவாட்-மணி. அதே எடையுள்ள நல்ல டீசல் லாரி நூறு கிலோமீட்டருக்கு 30 லிட்டர் குடிப்பதாகக் கொண்டால் அது ஏறத்தாழ 300 கிலோவாட்-மணி. ஆக, சாதனை ஓட்டத்திலும் ஆற்றல் மிச்சம் ஆறில் ஒரு பங்கு. அதிலும் ஹைட்ரஜனைத் திரவமாக்கவே அதன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு நிகரான மின்சாரம் செலவாகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த லாரியின் நன்மை கரியமிலப் புகையின்மையில் இருக்கிறதே தவிர ஆற்றல் சிக்கனத்தில் இல்லை. இதே நிறுவனம் 2025ஆம் ஆண்டில், நிரப்பு நிலையங்கள் போதிய வேகத்தில் பெருகவில்லை என்று கூறித் தொடர் உற்பத்தியை 2030களின் தொடக்கத்துக்குத் தள்ளிவைத்தது.

சாட்சியில்லாத ஓட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் நிகோலா நிறுவனத்தின் கதை போதும். அதன் லாரி சாலையில் விரைவதைக் காட்டும் காணொளி 2018 ஜனவரியில் வெளியானது. யூட்டா மாநிலத்தில் ஒரு சரிவின் உச்சிக்கு வண்டியை இழுத்துப்போய் உருளவிட்டே அதைப் படமெடுத்தார்கள் என்பது 2020 செப்டம்பரில் ஹிண்டன்பர்க் என்ற முதலீட்டு ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையால் வெளிப்பட்டது. நிறுவனர் டிரெவர் மில்டன் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 2023இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2025இல் அதிபரின் மன்னிப்பும் பெற்றார். நிகோலா பின்னர் உண்மையாகவே ஓடும் மின்கல லாரிகளைச் செய்து விற்றது என்பதையும், அப்படியும் 2025 பிப்ரவரியில் திவாலானது என்பதையும் சொல்லாவிட்டால் கதை நேர்மையாக இராது.

ஆய்வகமும் சாதனை ஓட்டமும் சொல்லாததை அன்றாட ஓட்டமே சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவோடு 2003 முதல் ஒன்பது நகரங்களில் 27 மெர்சிடிஸ் மின்கலப் பேருந்துகள் பயணிகளை ஏற்றி ஓடின. நூறு கிலோமீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் செலவானது. காரணம், அவற்றில் பிரேக் ஆற்றலைச் சேமிக்கப் பேட்டரி இல்லை. அந்தப் பாடத்தால் அடுத்த தலைமுறைப் பேருந்து பேட்டரியோடு வந்து, செலவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. கனடாவின் விஸ்லர் நகரில் 2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி ஓடத் தொடங்கிய 20 பேருந்துகளுக்கான ஹைட்ரஜன், நாட்டின் மறுகோடியிலுள்ள கியூபெக் மாகாணத்திலிருந்து லாரிகளில் வந்தது. செலவு தாளாமல் 2014இல் திட்டம் முடிந்தது. சுவிட்சர்லாந்தில் 2020 முதல் ஓடும் ஹூண்டாய் எக்ஸியன்ட் லாரிகள், தலா 95 கிலோவாட் கொண்ட இரண்டு மின்கல அடுக்குகளோடும் சுமார் 31 கிலோ ஹைட்ரஜனோடும், 2024க்குள் கூட்டாக ஒரு கோடி கிலோமீட்டரைக் கடந்தன. அங்கே உள்ளூர் நீர்மின்சாரத்தில் ஹைட்ரஜன் தயாரானதும், கனரக வாகனங்களுக்கான பெருஞ்சாலை வரியிலிருந்து அவற்றுக்கு விலக்கு இருந்ததும், வண்டியை வாங்காமல் ஓடிய தூரத்துக்கு மட்டும் பணம் கட்டும் ஏற்பாடு இருந்ததும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின.

இவற்றுள் உலகுக்கு மிகுந்த பயன் தந்தது கலிபோர்னியாவின் ஓக்லண்டு பகுதியில் ஏசி டிரான்சிட் என்ற பேருந்து நிறுவனம் நடத்திய ஓட்டம் எனலாம். அங்கே ஒரு பேருந்தின் மின்கலம் 25,000 மணி நேரத்தைத் தாண்டி உழைத்தது மட்டுமே அதற்குக் காரணமன்று. எத்தனை நாள் வண்டி ஓடியது, எத்தனை நாள் பட்டறையில் நின்றது, நின்றதற்கு மின்கலம் காரணமா அல்லது ஏ.சி.யோ கதவோ காரணமா, மைலுக்கு என்ன பராமரிப்புச் செலவு என்பவற்றையெல்லாம் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் ஆண்டுதோறும் தொகுத்து, தோல்விகளையும் மறைக்காமல் எவரும் படிக்கும்படி வெளியிட்டது.

இந்தியா இப்போது இந்தக் கட்டத்தில் நுழைந்திருக்கிறது. தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின்கீழ், ஏறத்தாழ 208 கோடி ரூபாய் அரசு உதவியோடு, ஐந்து திட்டங்களில் 37 பேருந்துகளையும் லாரிகளையும் 9 நிரப்பு நிலையங்களையும் 2025 மார்ச் மாதம் மத்திய அரசு அறிவித்தது. 37 வண்டிகளில் மின்கலத்தில் ஓடுபவை 15. மற்ற 22 ஹைட்ரஜனை எஞ்சினுக்குள் எரித்து ஓடுபவை. மும்பை–புனே, ஜாம்ஷெட்பூர்–கலிங்கா நகர், திருவனந்தபுரம்–கொச்சி போன்ற பத்து வழித்தடங்கள் தேர்வாகியிருக்கின்றன. பங்கேற்கும் நிறுவனங்களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏற்றமும், கொங்கணக் கரையின் உப்புக்காற்றும், வட இந்தியக் கோடையும், சாலைப் புழுதியும் ஒரே திட்டத்துக்குள் அமைந்த இத்தகைய சோதனைக்களம் ஐரோப்பாவுக்குக் கிடைக்காதது. மின்கலத்தையும் எஞ்சினையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும் வாய்ப்பும் அரியது.

கொடியசைத்துத் தொடங்கிவைக்கும் படங்கள் நாளிதழ்களில் ஏற்கெனவே வந்துவிட்டன. இனி வர வேண்டியவை எண்கள்: 45 டிகிரி வெயிலில் எந்த ஏற்றத்தில் மின்திறனை எவ்வளவு குறைக்க வேண்டியிருந்தது, ஆயிரம் மணி நேரத்துக்கு மின்னழுத்தம் எவ்வளவு சரிந்தது, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை கிலோ செலவானது, எத்தனை நாள் வண்டி நின்றது, ஏன் நின்றது. செலவிடப்படுவது பொதுப்பணம் என்பதால், இந்தக் கணக்கை வழித்தடவாரியாகவும் வண்டிவாரியாகவும், வென்றது தோற்றது எதையும் விலக்காமல், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதைத் திட்டம் முடியும்வரை தள்ளிப்போடாமல் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.